காத்திருக்கோம் என்றால் போதும்

கூடலூரில் நாங்கள் ஐந்தாறு பேர் சனிக்கிழமை சாயங்காலம் கூடி நாடகம் படிக்கிறோம். இந்த மழைக்காலம் முழுக்க சாமுவேல் பெக்கெட்டின் 'கோதோவுக்காகக் காத்திருத்தல்' நாடகம்தான்: விளாதிமிர், எஸ்ட்ரகான் என்று இரண்டு பேர், வராத கோதோவுக்காகக் காத்திருக்கிறார்கள். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தவன் நான், தப்பும் என்னுடையதுதான்: எல்லாருக்கும் ஒரே 'யூ' இருப்பதைப் பார்த்து, வயசான அந்த இரண்டு பேரையும் ஒருவருக்கொருவர் 'நீங்கள்' போட்டுப் பேசவைத்துவிட்டேன். பெக்கெட் இதை முதலில் எழுதியது பிரெஞ்சில். 1948 அக்டோபரில் தொடங்கி 1949 ஜனவரியில் முடித்தார், 1953 ஜனவரி 5 அன்று பாரிஸில் மேடையேறியது. அதில் இருவரும் 'த்யூ' என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள், நம்ம 'நீ'. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த ஒரு தோழி சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அப்புறம் ஆப்பிரிக்கான்ஸ் பக்கம் மனசு போனது. தென்னாப்பிரிக்காவில் பேசுகிற, டச்சு வழி வந்த அந்த மொழியில் நீ, நீங்கள் இரண்டுமே உண்டு, அதனால் பிரெஞ்சிலிருந்து நேராகக் கொண்டுபோகிறவர் என்னைப் போல் தடுமாற வேண்டியதில்லை. இல்லை என்று ஒரு தடவை சொன்னால் போதாது, பெரும்பாலும் வாக்கியக் கடைசியிலும் ஒரு இல்லை வரவேண்டும். 'செய்றதுக்கு ஒண்ணுமில்ல' என்று தொடங்குகிற நாடகத்துக்கு அது எவ்வளவு பொருத்தம்!

ஆனால் 1976 ஜூன் 16இல் அங்கே சொவேட்டோ என்ற கறுப்பர் குடியிருப்பின் மாணவர்கள் தெருவில் இறங்கியது அந்த மொழியில் பாடம் திணிக்கப்பட்டதை எதிர்த்துத்தான். வெள்ளையர், கறுப்பர் என்று பிரித்து உட்காரவைக்கிற அரங்குக்குப் பெக்கெட் தன் நாடகங்களைத் தர மறுத்தவர். 1980இல் கேப் டவுன் பாக்ஸ்டர் அரங்கில், எல்லோரும் சேர்ந்து உட்கார, ஜான் கானியும் வின்ஸ்டன் இன்ட்ஷோனாவும் இதே நாடகத்தை ஆங்கிலத்தில் நடித்தார்கள். அந்த இரண்டு கறுப்பர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று அந்த ஊரில் யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

எங்கள் சிக்கல் அடுத்தது. 'கோதோவுக்காகக் காத்திருக்கிறோம்' என்பதில் நாமா, நாங்களா? பிரெஞ்சுக்கும் ஆப்பிரிக்கான்ஸுக்கும் இந்தத் தொல்லையே கிடையாது. நான் இடத்துக்கு இடம் மாற்றி மாற்றி எழுதி, அடித்து, மறுபடி எழுதிக்கொண்டிருந்தேன். படிக்க வருகிற மாமா ஒருவர், இலங்கைத் தோட்டத் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டுக்காக மலையகத்து லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், வருஷக்கணக்கில் இருந்துவிட்டு, தலைமன்னாரில் கப்பலேறி வந்து, டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர், தாளை வாங்கிப் பார்த்தார்.

"இதுல நாம, நாங்க எதுக்கு தம்பி? காத்திருக்கோம்னா போதும். லயத்துல அப்படித்தான் சொல்லுவோம்."

இரண்டையும் அடித்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை விளாதிமிர் அவர்தான்.