யாரும் சுவிட்ச் போடவில்லை

இன்று மாலை, தெருமுனை சோலார் விளக்கு எரியத் தொடங்கிய அந்த நொடியைப் பார்த்தேன்.

இருட்டிவிட்டது என்று அதற்குச் சொல்வது மேலே இருக்கும் சோலார் பேனல்தான். வெளிச்சம் மங்க மங்க அதன் வோல்டேஜ் இறங்கும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் கன்ட்ரோலர் என்ற கட்டுப்பாட்டுக் கருவி பேட்டரியை எல்இடி விளக்கோடு இணைத்துவிடும். விடிந்தால் வோல்டேஜ் ஏறும், விளக்கு அணையும், அப்புறம் சார்ஜ் ஏறத் தொடங்கும்.

பல விளக்குகளில் இதற்கென்று தனி சென்சாரே கிடையாது. மின்சாரம் தரும் பேனலே கண்ணாகவும் இருக்கிறது. என்ன அழகான யோசனை!

பள்ளம் தோண்டி கேபிள் புதைக்க வேண்டாம். கரண்ட் போனாலும் எரியும். மின்கம்பி எட்டாத பாதையில் இரவு நடப்பவர்களுக்கு அது பெரிய தைரியம்.

பேனலில் தூசி படிந்தால் சார்ஜ் குறையும். கம்பம் நடுகிறவர்கள் அதைத் துடைக்கவும் ஆள் வைக்க வேண்டும்.