எழுபதுக்குக் காத்திருக்கிறேன்

எனக்கு 69 வயசு. எப்போது 70 ஆகும் என்றிருக்கிறது. மூத்தோர் தடகளத்தில் 35 வயதிலிருந்து ஐந்தைந்து வருஷமாகப் பிரிவு. குண்டு எறிதலில் ஆண்களுக்கு 60லிருந்து 69 வரை 5 கிலோ. 70 ஆனால் 4 கிலோதான். இப்போதோ, 65ஐத் தொட்ட புதுசுகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. அவர்களெல்லாம் இளவட்டங்கள், ஐயா!

காலையில் குண்டைக் கழுத்தோடு ஒட்டினால் இரும்பு ஜில்லென்றிருக்கும். தாடைக்கடியில் கறுப்பாக ஒரு தடம். பனியன் கழுத்திலும் அதே கறை. துவைப்பவளிடம் தினமும் பாட்டு.

2022இல் பின்லாந்தின் தாம்பரே நகரில் 94 வயது பகவானி தேவி 100 மீட்டரை 24.74 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார், குண்டு எறிதலில் வெண்கலமும். வீடியோவை வீட்டம்மாவிடம் காட்டினேன்.

"அந்தப் பாட்டி பனியனை யார் துவைக்கிறாங்களாம்?" என்றாள்.