பெரியவருக்கு ஏற்கெனவே ஓர் ஆதார் இருந்தது

சென்னை பிராட்வே பக்கம் இரவில் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கும் குழுவோடு போய்க்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு முன்பே இரண்டு குழு வந்து போயிருக்கும். பாதிப் பொட்டலம் நாய்க்குத்தான். ஒருநாள் மீன்பாடி வண்டியில், அதாவது சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டியில், படுத்திருந்த பெரியவர், "பிரியாணி இருக்கட்டும் தம்பி, பென்சன் வாங்கித் தர முடியுமா?" என்றார். ஒரு மாத வேலை என்று நினைத்தேன்.

முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். அதற்கு ஆதார் வேண்டும். ஆதாருக்கு முகவரி வேண்டும். நடைபாதைக்கு ஏது கதவு எண்? மாநகராட்சிக்காக ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் வீடற்றோர் காப்பகத்தில் வழி சொன்னார்கள். காப்பகப் பொறுப்பாளர் ஆதார் படிவத்தில் போட்டோ ஒட்டிக் கையெழுத்துப் போட்டால் அதுவே சான்று. ஆனால் பெரியவர் அங்கே தங்க வேண்டும். வண்டியை விட்டு வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். மூன்று வாரம் பேசினேன். கடைசியில் வாசலிலேயே வண்டியைச் சங்கிலி போட்டுப் பூட்டிக்கொள்ளச் சொன்னார்கள், வந்துவிட்டார்.

பதிவு மையத்தில் விரல் ரேகை சரியாக விழவில்லை. பழைய கொத்தவால்சாவடி காய்கறிச் சந்தை காலத்திலிருந்து மூட்டை தூக்கிய கை. ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து வைத்தும் அரைகுறைதான். கருவிழி மட்டும் ஒழுங்காகப் பதிவானது.

அப்புறம் பார்த்தால் விண்ணப்பம் நிராகரிப்பு. இவருக்கு ஏற்கெனவே ஆதார் இருக்கிறதாம்! கேட்டதும் தரையைப் பார்த்தார். ஊரில் மகன் கூட்டிப்போய் எடுத்தது. சண்டை போட்டுக் கிளம்பியபோது அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். மகன் இருப்பது தெரிந்தால் பென்சன் தரமாட்டார்களோ என்ற பயத்தில் வாயே திறக்கவில்லை. நானும் "இதுக்கு முன்னாடி எடுத்திருக்கீங்களா ஐயா?" என்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

மறுபடி மையத்துக்குப் போய், கருவிழியை வைத்தே பழைய எண்ணைத் தேடி எடுத்தோம். அதே காப்பகச் சான்றைக் கொடுத்து முகவரியை மாற்றினோம். பழைய விலாசம் இருந்த தாளை என்னிடமிருந்து வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கிழித்துப்போடுவார் என்று எதிர்பார்த்தேன்.

பென்சன் மனு இப்போது வருவாய் ஆய்வாளர் நேரில் பார்ப்பதில் நிற்கிறது. அவர் ஒருமுறை காப்பகத்துக்கு வந்தும் போனார். பெரியவர் அன்று பார்த்து லோடு ஏற்றப் போயிருந்தார்.