மூன்று சர்வர்களில் ஐந்து குடித்தனங்கள்

எங்கள் ஆய்வகத்தின் நாற்பது பேருக்கும் நான்கு சர்வர்களில், அவற்றின் திறனைச் சேர்த்துப் பலருக்கும் பகிர்ந்தளிக்கும் ஓப்பன்ஸ்டாக் மென்பொருளைக் கொண்டு மேகம் அமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நிறுவும் வேலை ஒரு வாரத்தில் முடிந்தது. யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பதில்தான் மூன்று மாதங்கள் போயின.

முன்பு ‘டெனன்ட்’ என்றும் இப்போது ‘புராஜெக்ட்’ என்றும் சொல்லப்படும் பிரிவை ஆளுக்கொன்றாக உருவாக்கியது என் முதல் பிழை. மாற்றாமல் விட்டால் ஒரு புராஜெக்டின் கோட்டா 10 மெய்நிகர் சர்வர்கள் (உண்மையான சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கப்படுபவை), 20 கோர்கள் (செயலியின் கணக்கிடும் அலகுகள்), 50 ஜிபி ரேம். நாற்பது பேருக்கு 2,000 ஜிபி ஆகிறது. கட்டுப்பாட்டுக்கான சர்வர் போக, எங்களிடம் இருந்ததோ தலா 128 ஜிபி கொண்ட மூன்று மட்டுமே. கோட்டா உச்சவரம்புதானே தவிர முன்பதிவு அல்ல என்பதை நான் யோசிக்கவில்லை. ஒரு மாணவர் படிப்பை முடித்துச் சென்ற பிறகும் அவருடைய ஆறு மெய்நிகர் சர்வர்கள் கேட்பாரின்றி ஓடிக்கொண்டிருந்தன. எனவே, பதில் சொல்லக்கூடிய ஒருவர் உள்ள குழுவுக்கு ஒரு புராஜெக்ட் என்று ஐந்தாகக் குறைத்தேன். ஒண்டுக்குடித்தனத்தில் வாடகைக்கு விடுவது அறையைத்தான், பாயை அல்ல.

அடுத்த பிழை இன்னும் சங்கடமானது. ஒரு குழுத் தலைவருக்கு அவருடைய புராஜெக்டில் மட்டும் அட்மின் பங்கு, அதாவது நிர்வாகிக்கான அதிகாரம், கொடுத்தேன். எங்கள் அமைப்பில் அந்தப் பங்கு எந்தப் புராஜெக்டில் தரப்பட்டாலும் மேகம் முழுவதற்கும் செல்லும் என்பது, மற்றக் குழுக்களின் சர்வர்கள் தமக்குத் தெரிவதாக அவரே வந்து சொன்னபோதுதான் புரிந்தது. அன்றே அவரைச் சாதாரண உறுப்பினராக்கினேன்.

ரேம் கணக்குதான் அதிகம் படுத்தியது. இருப்பதைப் போல 1.5 மடங்கு ரேமை ஒதுக்க அனுமதித்த, பழைய ஓப்பன்ஸ்டாக் பதிப்புகளின் இயல்பு அமைப்பை அப்படியே விட்டிருந்தேன். ஓரிரவு எல்லோரும் ஒரே நேரத்தில் கணக்கீடுகளை ஓட்டியதில் ஒரு சர்வரின் நினைவகம் தீர்ந்துபோக, அதன் இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கர்னல் அதிக ரேம் பிடித்திருந்த மெய்நிகர் சர்வரையே நிறுத்திவிட்டது; மூன்று நாள் கணக்கீடு வீணானது. கோர் பற்றாக்குறை வேலையைத் தாமதப்படுத்தும், ரேம் பற்றாக்குறை கொன்றுவிடும். அதனால் கோர்களை நான்கு மடங்கு வரை பகிர விட்டு, ரேமை ஒரு மடங்கோடு நிறுத்தினேன். ஒவ்வொரு சர்வரின் சொந்த இயக்கத்துக்கும் 8 ஜிபி ஒதுக்கி, ஒன்று பழுதானாலும் மற்ற இரண்டு தாங்க வேண்டும் என்று வைத்தால் கையில் நிற்பது 240 ஜிபி. குழுவுக்கு 40 வீதம் கொடுத்தது போக மீதி 40 ஜிபியை யாருக்கும் தரவில்லை. ஆய்வேடு சமர்ப்பிக்கும் மாதத்தில் அதைக் கேட்டு முதலில் வரப்போகும் குழு எதுவென்று இப்போதே எனக்குத் தெரியும்.