முழங்காலுக்குப் பின்னால் இருந்த கணு

உள்ளங்காலில் வந்த ஒரு கறுப்புப் புள்ளிக்காக என் கவட்டிலும் முழங்காலின் பின்புறத்திலும் கத்தி வைத்தார்கள். வீக்கமும் இல்லை, வலியும் இல்லை, தடவிப் பார்த்தால் கையில் ஒன்றும் தட்டுப்படாது. “ஒன்றுமில்லாத இடத்தை ஏன் வெட்டுகிறார்கள்?” என்று உடுவிலில் எங்கள் வீட்டுக்கு வந்த எல்லோரும் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்ன பதிலையே இங்கே விரித்து எழுதுகிறேன். உடம்பில் ஓடும் நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சுகளான கணுக்களுக்கு நோய் போயிருக்கிறதா என்று பார்க்கும் காவல் கணுச் சோதனை அது. யாழ்ப்பாணத்திலிருந்து இதே சோதனைக்கு எழுதிய துண்டோடு புறப்படப்போகும் இன்னொருவருக்கு இது உதவ வேண்டும்.

எனக்கு வந்தது மெலனோமா. தோலுக்கு நிறம் கொடுக்கும் கலங்களில் தொடங்கும் புற்றுநோய். வெள்ளைத் தோல்காரருக்கு வெயிலால் வரும் நோய் என்றே இங்கே பலரும் நினைக்கிறார்கள். நம் தோலுக்கு அது அரிது என்பது உண்மை. ஆனால் வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி என்று வெயில் படாத இடங்களில்தான் பெரும்பாலும் வருகிறது. பாடகர் பொப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தின் கீழ் வந்தது. 1981இல், 36 வயதில் இறந்தார். என் குதிக்காலைப் பார்த்த முதல் வைத்தியர் கால் ஆணி என்று சொல்லிக் களிம்பு தந்தார். புள்ளியின் ஓரம் கலைந்து, மேல்தோல் வெடித்து, நீர் கசியத் தொடங்கியதும் யாழ் போதனா வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக்குப் போனேன். அங்கே உருப்பெருக்கிக் கருவியை வைத்துப் பார்த்த வைத்தியர், வேறு பேச்சில்லாமல், சிறு துண்டை வெட்டியெடுத்துச் சோதிக்கும் பயொப்ஸிக்கு எழுதினார்.

அறிக்கையில் நான் மனப்பாடம் செய்துகொண்டவை இரண்டு: தடிப்பு 1.8 மில்லிமீற்றர், மேற்பரப்பில் புண் உண்டு. புள்ளி எவ்வளவு அகலம் என்பதைவிட எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதே இந்த நோயில் பெரிய விடயம். அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற நோயியலாளர் 1970இல் இதை எடுத்துக்காட்டினார். அந்த அளவுக்கு இன்றும் அவர் பெயர்தான். ஆழம் 1 மில்லிமீற்றரைத் தாண்டினால் காவல் கணுச் சோதனை பற்றி நோயாளியுடன் பேசுகிறார்கள். 0.8 அளவிலிருந்தே, அல்லது புண் இருந்தால் அதற்குக் குறைவாக இருக்கும்போதும், அதைப் பற்றி யோசிக்கிறார்கள்.

சத்திரசிகிச்சை நிபுணர் என் கிளினிக் கொப்பியின் பின் அட்டையில் ஒரு காலை வரைந்தார். குதிக்காலில் ஒரு புள்ளி, அதிலிருந்து மேலே ஏறும் கோடுகள், கவட்டில் சில வட்டங்கள். முதல் வட்டத்தை மட்டும் அழுத்தி நிரப்பினார். தோலின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் வடியும் நிணநீர் முதலில் போய்ச் சேரும் கணு ஒன்றோ இரண்டோ இருக்கும்; அதுதான் காவல் கணு. கட்டியிலிருந்து ஒரு கலம் கழன்று நிணநீரோடு போனால் பெரும்பாலும் முதலில் அங்கேதான் தங்கும். அது சுத்தமாக இருந்தால் அதற்கு அப்பால் இருப்பவையும் சுத்தமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் டொனால்ட் மோர்ட்டனும் அவருடைய குழுவினரும் நீலச் சாயத்தைக் கொண்டு மெலனோமாவில் இதைச் செய்துகாட்டி 1992இல் வெளியிட்டார்கள். அதற்கு முன் பலருக்குக் கவட்டிலோ கமக்கட்டிலோ உள்ள கணுக்களை மொத்தமாக அள்ளி எடுத்தார்கள். பெரும்பாலானோரின் கணுக்களில் நோயே இருக்கவில்லை. அவர்களில் சிலருக்குக் கை கால் வீக்கம் மட்டும் ஆயுளுக்கும் மிஞ்சியது.

“இது நோயை மாற்றுகிற ஒப்பரேஷன் அல்ல அம்மா, நோய் எங்கே நிற்கிறது என்று பார்க்கிற ஒப்பரேஷன்” என்றார் அவர். இந்த ஒரு வசனத்தைக் கையெழுத்துப் போடுவதற்கு முன் எல்லோரும் கேட்டுத் தெளிய வேண்டும். இந்தச் சோதனை செய்த எல்லோருக்கும் ஆயுள் கூடியது என்று 2014இல் வெளிவந்த பெரிய ஆய்வின் இறுதி முடிவு சொல்லவில்லை. நோயின் நிலையைத் திருத்தமாகச் சொல்லும்; அடுத்த முடிவுகளை அதன் மேல் நின்று எடுக்கலாம். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. தெரியாமல் பயந்துகொண்டிருப்பதைவிடத் தெரிந்து பயப்படுவது நல்லது என்று என் கணவரான இவரிடமும் சொன்னேன்.

மச்சாள் கனடாவிலிருந்து தொலைபேசியில் அழுதாள். கத்தி பட்டால் புற்றுநோய் பரவும் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். ஊரிலும் இதே கதைதான். பரவியிருந்தால் அது கத்திக்கு முன்பே நடந்திருக்கும். கத்தி அதைக் கண்டுபிடிக்கத்தான் போகிறது. இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் எனக்குச் சலிக்காது, ஏனென்றால் இந்தப் பேச்சை நம்பி வீட்டில் இருந்துவிட்டவர்களை எங்கள் பக்கத்திலேயே பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பக்கத்திலிருந்து அவசரம் வந்தது. அந்தக் கிழமையே குதிக்காலை அகலமாக வெட்டித் தோல் ஒட்டித் தருவதாக ஒரு தனியார் இடத்தில் சொன்னார்கள். கணுவைப் பிறகு பார்க்கலாமாம். இவர் காசுக்கும் ஒழுங்கு செய்துவிட்டார். நிபுணரிடம் கேட்டபோது வேண்டாம் என்று உறுதியாக மறுத்தார். கட்டி இருந்த இடத்தைச் சுற்றி அகலமாக வெட்டி வேறு தோலை ஒட்டிவிட்டால் அங்கிருந்து புறப்படும் நிணநீர்ப் பாதைகளே குலைந்துவிடும். பிறகு ஊசி போட்டுத் தேடினால் கிடைப்பது அசல் காவல் கணுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டையும் ஒரே மயக்கத்தில் செய்வதே முறை. யாராவது உங்களிடம் முதலில் வெட்டுவோம் என்றால், காவல் கணுச் சோதனை தேவையா என்று வாய்விட்டுக் கேளுங்கள். பிறகு கேட்டால் திருத்தமான பதில் கிடைப்பது கடினம்.

காவல் கணு எங்கே இருக்கிறது என்று காட்டும் ஸ்கேனுக்குக் கொழும்புக்கு எழுதித் தந்தார்கள். இரவு பஸ்ஸில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு போவது கடினம். முன் இருக்கை கேட்டு வாங்குங்கள்.

பயொப்ஸித் தழும்பைச் சுற்றி நான்கு இடங்களில், தோலுக்குள்ளேயே, மெல்லிய ஊசியால், கதிர்வீச்சு வெளிவிடும் ரெக்னீசியம் கலந்த மருந்தை ஏற்றினார்கள். குதிக்காலின் தடித்த தோலுக்குள் மருந்து போகும்போது குளவி கொட்டியதுபோல எரிந்தது. அது சில விநாடிகள்தான். பிறகு அந்தக் கதிர்களைப் படமாகக் காட்டும் காமாக் கமராவின் கீழ் அசையாமல் படுக்கவேண்டும். தலையைத் திருப்பினால் திரை தெரிந்தது. முதலில் குதிக்காலில் ஒரு பெரிய வெளிச்சப் பொட்டு மட்டும் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதிலிருந்து மெல்லிய கோடு ஒன்று கணுக்காலைத் தாண்டி ஏறியது. கவட்டுப் பக்கம் இரண்டு பொட்டுகள் ஒளிரத் தொடங்கின. என் உடம்புக்குள் ஓடும் ஒன்றை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் எங்கோ போய்விட்டது. அப்போது தொழில்நுட்பவியலாளர் என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னார். முழங்காலின் பின்குழியில் இன்னொரு சிறு பொட்டு இருந்தது. காலின் நிணநீர் பெரும்பாலும் கவட்டுக்குத்தான் போகும். ஆனால் குதிக்காலிலிருந்து சிலருக்கு முழங்காலின் பின்னாலும் வடியும் என்று விளக்கினார். மூன்று இடங்களையும் அழியாத பேனாவால் தோலில் குறித்துவிட்டார்.

பேத்தியை மடியில் வைத்திருக்கலாமா என்று கேட்டேன். கதிர்வீச்சு மிகக் குறைவு, அது 6 மணிக்கு ஒருமுறை பாதியாகும் என்றார்கள். பிற்பகலில் ஏற்றியது மறுநாள் காலையில் எட்டில் ஒரு பங்காகிவிடும். ஒப்பரேஷனின்போது கதிர்வீச்சை ஒலியாகக் காட்டும் கருவி கணுவைக் கண்டுபிடிக்க அது போதும்.

காலையில் மயக்கம் கொடுப்பதற்கு முன் பேனாக் குறியின் மேல் அந்தக் கருவியை வைத்துப் பார்த்தார்கள். தடித்த பேனா அளவில் ஒரு குழாய். தொடையில் வைத்தபோது மெதுவாக விட்டுவிட்டு ஒலித்தது, குறியின் மேல் போனதும் இடைவிடாமல் இரைந்தது. அதன் பிறகு நீலச் சாய ஊசி. ஒலியும் நிறமும் சேர்ந்து காட்டும் கணுவைத்தான் எடுப்பார்கள். சிலருக்கு அந்தச் சாயம் ஒவ்வாது என்பதால், பழைய ஒவ்வாமை எதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வார்டில் தாதி, “சலம் பச்சையாகப் போகும், பயப்படாதேங்கோ” என்று முன்கூட்டியே சொன்னதால் பதறாமல் இருந்தேன்.

எடுத்த கணுக்களை உடனே உறைய வைத்துப் பார்த்துச் சொல்லிவிட மாட்டார்கள். மெலனோமாவில் அப்படிப் பார்த்தால் சிறிய படிவு தவறிவிடலாம். மெல்லிய சீவல்களாக வெட்டி, எஸ்-100, எச்எம்பி-45 போன்ற விசேட சாயங்கள் ஏற்றித் தேட வேண்டும். வைத்தியசாலையில் துண்டு வெட்டி வீட்டுக்கு வந்த பிறகும் வாரக்கணக்கில் காத்திருந்தோம். எல்லாவற்றிலும் கடினமான பகுதி அதுதான். காலைத் தலையணையில் உயர்த்தி வைத்தபடி படலையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

கவட்டுக் கணுக்கள் இரண்டும் சுத்தம். முழங்காலுக்குப் பின்னாலிருந்த கணுவில் 0.4 மில்லிமீற்றர் அளவில் படிவு இருந்தது. ஸ்கேன் இல்லாமல் கவட்டை மட்டும் வெட்டிப் பார்த்திருந்தால் நோய் எங்கும் இல்லை என்று எழுதி அனுப்பியிருப்பார்கள்.

மிச்சக் கணுக்களையும் எடுத்துவிடுவோமா என்று இவர் கேட்டார். நானும் அதையே நினைத்தேன். நிபுணர் 2017இல் வந்த ஆய்வைச் சொன்னார். காவல் கணுவில் நோய் கண்ட 1,900க்கும் மேற்பட்டோரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மிச்சக் கணுக்களை எடுத்தார்கள். மற்றவர்களை அல்ட்ராசவுண்டில் கண்காணித்தார்கள். மெலனோமாவால் இறப்பதில் வித்தியாசம் இருக்கவில்லை. கை கால் வீக்கம் வந்தது எடுத்தவர்களில் 24.1 சதவீதம், எடுக்காதவர்களில் 6.3 சதவீதம். நாங்கள் கண்காணிப்பைத் தேர்ந்தோம். நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகள் பற்றித் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியரிடம் பேசினோம். இவ்வளவு சிறிய படிவுக்கு இப்போது வேண்டாம் என்றார்.

முதல் இரண்டு ஆண்டுகளுக்கு நான்கு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். துண்டில் வழக்கமாகக் கவடு என்று மட்டும் எழுதுவார்கள். நான் ஒவ்வொரு முறையும் மேசையை விட்டு எழும்ப முன்பே கேட்டு, “முழங்காலின் பின்புறமும்” என்று சேர்த்து எழுதுவித்துக்கொண்டுதான் வருகிறேன்.