கலர் டிவியும் செயற்கைக்கோளும்

தமிழ்நாட்டுக் கிராமங்களின் வறுமையைச் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணிக்க முடியுமா என்பதுதான் என் முதுகலை ஆய்வு. 2016-இல் ஸ்டான்ஃபோர்டு குழு ஒன்று நைஜீரியா, உகாண்டா உள்ளிட்ட ஐந்து ஆப்பிரிக்க நாடுகளில் செய்து காட்டிய வேலை. படங்களுக்குப் பஞ்சமில்லை, கூகுள் எர்த் எஞ்சினில் இலவசமாகவே கிடைக்கின்றன. கணிப்பு சரிதானா என்று பார்க்கத் தரைத் தரவு, அதாவது வீடு வீடாகக் கேட்டுத் திரட்டிய தகவல், வேண்டுமே, இழுத்தடித்தது அதுதான்.

2015-16 தேசியக் குடும்ப நல ஆய்வின் தரவுக்கு விண்ணப்பித்தேன். ஊர்களின் ஜிபிஎஸ் புள்ளிகள் எதற்கு என்று தனியாக விளக்கம் எழுத வேண்டும். அனுமதி வந்து வரைபடத்தில் போட்டால், சில புள்ளிகள் ஏரிக்குள் கிடக்கின்றன! குடும்பங்களை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று வேண்டுமென்றே நகர்த்தித்தான் தருகிறார்கள். நகரத்தில் 2 கிலோமீட்டர் வரை, கிராமத்தில் 5 வரை, நூற்றில் ஒரு கிராமப் புள்ளி 10 வரைகூட. புள்ளியைச் சுற்றி வட்டம் போட்டு, அதற்குள் படத்தில் தெரிவதன் சராசரியை எடுக்க வேண்டியதுதான். நம் பக்கம் ஒரு வட்டத்துக்குள் நாலைந்து ஊர் வந்துவிடும்.

இரவில் ஊர்களின் விளக்கு வெளிச்சத்தைக் காட்டும் இரவொளிப் படங்கள் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. அவற்றை எடுக்கும் சுவோமி என்பிபி செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் வருவதே நள்ளிரவு ஒன்றரை மணி வாக்கில். அப்போது எரிவது தெருவிளக்குதான், அது ஏழை ஊரிலும் எரிகிறது. நெய்வேலிச் சுரங்கமோ ஜெகஜ்ஜோதியாகத் தெரியும். பகல் படங்களில் பசுமையைப் பார்க்கலாம் என்றால், ராமநாதபுரத்துச் சீமைக்கருவேலம் கோடையிலும் பச்சையாக நின்று பாசன வயல் மாதிரி ஏமாற்றுகிறது.

எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தது தரைத் தரவில் இருந்த சொத்துக் குறியீடு, அதாவது வீட்டிலுள்ள பொருட்களை வைத்துக் குடும்பத்தின் வசதியை அளக்கும் மதிப்பெண். வீட்டில் கலர் டிவி, மின்விசிறி இருந்தால் குடும்பத்தின் மதிப்பெண் ஏறும். 2006-க்குப் பிறகு அரசே இலவச டிவி கொடுத்த மாநிலம் இது, 2011-க்குப் பிறகு மின்விசிறியும் வந்தது. கூரை வீட்டில் இருக்கும் இலவச டிவியை விண்ணிலிருந்து எந்தக் கேமரா பார்க்கும்? கணிப்பு தப்பினால் குற்றம் படத்தின் மேலா, குறியீட்டின் மேலா?

அந்த இரண்டு பொருட்களையும் நீக்கிவிட்டு, மூலத் தரவிலிருந்து குறியீட்டை நானே புதிதாகக் கட்டினேன். நெறியாளர் முதலில் சம்மதிக்கவில்லை, மற்ற மாநிலங்களோடு ஒப்பிட முடியாதே என்றார். நியாயம்தான். அப்புறம் இரண்டு குறியீடுகளுக்கும் தனித்தனியாக முடிவுகளைக் கொடுப்பது என்று ஒத்துக்கொண்டோம்.