நம்ம வீட்டுக்குள் தண்ணீர் வருமா, வராதா?

வீடு வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், வாசற்படி ரோட்டை விட எவ்வளவு உயரம் என்று கேட்பேன். அநேகமாகப் பதில் வராது. "அந்த ஏரியாவுல தண்ணியே நிக்காதாம், புரோக்கர் சொன்னார்" என்பார்கள். புரோக்கர் வேறு என்ன சொல்வார்?

வெள்ள அபாயத்தை ஏரியா கணக்கில் பேசுவதில்தான் சிக்கலே ஆரம்பிக்கிறது. ஒரே தெருவில் எதிரெதிர் வீடுகள், ஒன்றில் முழங்கால் அளவு தண்ணீர், மற்றொன்றில் வாசலோடு நின்றுவிட்டது, இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டு படி என்றால் அதில் ஏரியா என்ன செய்யும்? தரைத்தளம், ரோடு, பக்கத்து வடிகால், அருகில் ஆறோ ஏரியோ இருந்தால் அதன் கரை, இவை ஒவ்வொன்றும் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். இந்த மட்டங்கள் மாறவும் செய்யும். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே திரும்பத் திரும்ப ரோடு போட்டால் ரோடு ஏறிக்கொண்டே போகும், வீடு இருந்த இடத்திலேயே இருக்கும், ஒரு காலத்தில் மேடாக இருந்த வாசல் பள்ளமாகிவிடும். அதனால் "தாத்தா காலத்திலிருந்து இங்கே தண்ணீர் வந்ததே இல்லை" என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் அவர் சொல்வது வேறொரு நிலத்தைப் பற்றி. அன்றைக்கு வயலும் குளமும் குடித்த மழை இன்றைக்கு சிமென்ட் தரையில் ஓடி நேராகக் கீழே இருப்பவர் வீட்டுக்கு வருகிறது.

அப்புறம், ஆறு பக்கத்தில் இல்லை என்பது ஒரு பெரிய ஆறுதலே இல்லை. வடிகால் தாங்கும் அளவைத் தாண்டி ஒரு மணி நேரம் கொட்டினால் போதும், மழைத் தண்ணீரே தெருவில் ஏறிவிடும். பாதாள சாக்கடை நிரம்பினால் கழிப்பறை வழியாகவும் குளியலறைத் தரை ஓட்டை வழியாகவும் உள்ளேயிருந்தே கிளம்பும். வாசலில் மணல் மூட்டை அடுக்கிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதுதான் பெரிய அதிர்ச்சி. தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்றைப் பொருத்த முடியுமா என்று பிளம்பரிடம் கேட்டுவையுங்கள்.

அரசு வெளியிடும் வெள்ள வரைபடங்களைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை, கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். ஆனால் அதில் 'நூறு ஆண்டு வெள்ளம்' என்று ஒன்று வரும். ஒருமுறை வந்துவிட்டால் இனி நூறு வருடத்துக்குக் கவலையில்லை என்றுதான் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது, எந்த ஒரு வருடத்திலும் வர 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளம். அடுத்தடுத்த இரண்டு வருடங்களிலும் வரலாம். 30 வருட வீட்டுக் கடன் காலத்துக்குக் கணக்குப் போட்டால், ஒருமுறையாவது வர ஏறக்குறைய 26 சதவீத வாய்ப்பு, அதாவது நாலில் ஒன்று. அந்தக் காலம் முழுக்க மழையும் நிலமும் இன்று இருப்பது போலவே இருக்கும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. வரைபடத்தில் இந்த வெள்ளம் எட்டும் எல்லைக் கோட்டுக்கு வெளியே இருப்பவருக்கும் முழு நிம்மதி கிடையாது. பல வரைபடங்கள் ஆறும் கடலும் பொங்குவதைத்தான் காட்டுகின்றன, தெருவில் தேங்கும் மழையைக் காட்டுவதில்லை. 2017-ல் ஹார்வி புயல் ஹூஸ்டனை மூழ்கடித்தபோது தண்ணீர் புகுந்த வீடுகளில் பாதிக்கும் மேற்பட்டவை அந்த நூறு ஆண்டுக் கோட்டுக்கு வெளியே இருந்தவை.

சரி, இன்சூரன்ஸுக்கு வருவோம். வேறு நாட்டில் இருக்கும் சொந்தக்காரர் சொல்வதை அப்படியே நம்ப முடியாத விஷயம் இது. அமெரிக்காவில் வழக்கமான வீட்டு பாலிசியில் வெள்ளம் கிடையாது, தனியாக எடுக்க வேண்டும். 1968-ல் தொடங்கிய தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் எடுத்தால் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அது நடைமுறைக்கு வரும், எனவே புயல் எச்சரிக்கை வந்தபின் ஓடிப் பயனில்லை. பிரிட்டனில் வெள்ளம் பொதுவாக வீட்டு பாலிசிக்குள்ளேயே வரும். அபாயம் அதிகமுள்ள வீடுகளுக்கும் கட்டுப்படியாகும் பிரீமியத்தில் கிடைக்க வேண்டும் என்று 2016-ல் ஃப்ளட் ரீ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள், ஆனால் 2009 ஜனவரி 1 முதல் கட்டிய வீடுகளுக்கு அது கிடையாது. இந்தியாவில் 2021 ஏப்ரல் 1 முதல் வந்த பாரத் க்ருஹ ரக்ஷா பாலிசியில் வெள்ளமும் புயலும் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன.

வங்கியில் கடன் வாங்கும்போது ஏதோ ஒரு இன்சூரன்ஸில் கையெழுத்துப் போட்டிருப்போம், அதுவே போதும் என்ற நினைப்பு இன்னொன்று. எடுத்துப் படியுங்கள். பல சமயம் அது கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைக்கும் பாலிசியாக இருக்கும், சுவரும் தரையும் போனால் அதற்கு ஒரு பைசா வராது.

பாலிசியில் நான் அதிக நேரம் செலவழிக்கும் இடம் காப்பீட்டுத் தொகை. வீட்டின் சந்தை விலையில் பெரும்பகுதி மனையின் விலை, மனை வெள்ளத்தில் கரைந்து போகாது. கட்டிடத்தை இன்றைய கூலிக்கும் பொருளுக்கும் திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும், அதுதான் தொகை. பிரீமியம் மிச்சமாகட்டும் என்று குறைத்துப் போட்டால் என்ன ஆகும்? திரும்பக் கட்ட 40 லட்சம் ஆகும் வீட்டுக்கு 20 லட்சம் மட்டும் போட்டிருக்கிறீர்கள், சேதம் 6 லட்சம். 20 லட்சத்துக்குள்தானே இருக்கிறது, முழுசாக வரும் என்று நினைப்போம். பல பாலிசிகளில் 3 லட்சம்தான் வரும், பாதிக்குத்தானே காப்பீடு செய்தீர்கள் என்று விகிதப்படி வெட்டிவிடுவார்கள். பாரத் க்ருஹ ரக்ஷாவில் இந்த வெட்டு இல்லை, அதற்காகவே அதை எனக்குப் பிடிக்கும். பழைய பொருளுக்குத் தேய்மானம் கழிப்பார்களா, முதல் எவ்வளவு தொகை நம் கையிலிருந்து போக வேண்டும் என்பதையும் எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரின் பாலிசியை நம்ப வேண்டாம், அது கட்டிடத்துக்கு. உங்கள் ஃபிரிட்ஜும் கட்டிலும் உங்கள் பொறுப்பு.

எந்தத் தண்ணீர் வெள்ளம் என்பதையும் பாலிசிதான் முடிவு செய்கிறது. 2011 குயின்ஸ்லாந்து வெள்ளத்துக்குப் பிறகு, வீட்டுக்குள் வந்தது ஆற்றுத் தண்ணீரா மழைத் தண்ணீரா என்று இழப்பீட்டுத் தகராறுகள் கிளம்பின, ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வரையறை வைத்திருந்தது. 2012-ல் ஆஸ்திரேலிய அரசு எல்லாருக்கும் ஒரே வரையறை என்று கொண்டுவந்தது. சாக்கடை எதிர்த்து வருவதை அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரும்பாலும் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். சுவரில் மாதக்கணக்கில் கசியும் ஈரத்தைப் பராமரிப்புக் குறை என்று சொல்லிப் பொதுவாக ஒதுக்கிவிடுவார்கள். ஏஜென்டிடம் "சாக்கடைத் தண்ணி உள்ள வந்தா கிளைம் வருமா?" என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் மின்னஞ்சலிலேயே வாங்குங்கள். போனில் எல்லாவற்றுக்கும் "வரும் சார்" என்றுதான் சொல்வார்கள்.

தண்ணீர் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வடிந்ததும் எல்லாரும் முதலில் துடைப்பத்தைத்தான் எடுப்பார்கள். அதற்கு முன்னால் மெயின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சுவரில் தண்ணீர் எட்டிய கோட்டை அளவு டேப் வைத்துப் படம் எடுங்கள், அறை அறையாக வீடியோவும் எடுங்கள். நிறுவனத்துக்கு அன்றைக்கே தகவல் சொல்லிவிடுங்கள். சேதத்தை மதிப்பிட வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் வருவதற்கு முன் அழுகிய மெத்தையை வெளியே போட்டே ஆக வேண்டும் என்றால் படம் எடுத்து, ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொண்டு போடுங்கள். பில்களையும் பாலிசியையும் தரைத்தள அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே மொபைலில் படம் எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவையுங்கள்.